சேஸுக்கு பவுடரா, பெயிண்டா? நான் பெயிண்ட் கட்சி

ஜீப்பிலிருந்து பாடியை இறக்கி வைத்துவிட்டு சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, மட்டும் தனியாக நிறுத்தினால் போதும், வீட்டுக்கு வருகிற ஒறம்பரை முதல் தேங்காய் பறிக்க வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் வந்துவிடுகிறது. பாதிப் பேர் "பவுடர் கோட்டிங் கொடுத்துருங்க, ஆயுசுக்கும் தொட வேண்டியதில்லீங்க" என்கிறார்கள். மீதிப் பேர் "அதெல்லாம் கேட்டுக்கும் கிரில்லுக்கும் கொடுக்கிறதுங்க, வண்டிக்கு எதுக்கு" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் பதில் வராது.

காரணத்தோடு பேசியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கோவை குறிச்சி சிட்கோ பக்கம் பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் என் மச்சான். அவர் பவுடர் கட்சி, சொந்தமாக ஓவன் வைத்திருப்பவர் வேறு எந்தக் கட்சியில் இருப்பார். இன்னொருவர் சங்ககிரியில் லாரிகளுக்கு பெயிண்ட் அடித்தே தலை நரைத்த ஒரு மேஸ்திரி. இவர்கள் இரண்டு பேர் சொன்னதையும் நான் படித்ததையும் போட்டுக் குழப்பி, கடைசியில் பெயிண்ட் பக்கம் வந்து நின்றிருக்கிறேன். பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்றுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் வண்டி என்ன வண்டி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் பாதி அதில்தான் இருக்கிறது. மகிந்திரா ஜீப், வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டு வந்த சிஜே3பி வார்ப்பில் வந்தது. ஆனைமலைப் பக்கம் மாமா தோட்டத்தில் தேங்காய் மட்டை, சாண எரு, உர மூட்டை என்று எல்லாவற்றையும் இழுத்த வண்டி. சேஸ் சி சேனல், அதாவது 'C' எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்த சட்டம், குறுக்குச் சட்டங்கள் ரிவெட் அடித்தவை. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பட்டறையில் முன்பக்கம் தாங்குவதற்காக சேனலுக்கு மேல் இன்னொரு பட்டை வைத்து விட்டு விட்டு வெல்டு அடித்திருக்கிறார்கள். அந்த இரண்டு தகட்டுக்கு நடுவில் எத்தனை மழைக்காலத்துத் தண்ணீர் போய் உட்கார்ந்திருக்கும் என்று கணக்கே கிடையாது. இனிமேலும் இது ஷோவுக்கு நிற்கப் போகிற வண்டி இல்லை, தோட்டத்துச் சோலிக்கும் அப்பப்போ வால்பாறை ஏறுவதற்கும்தான்.

பவுடரைக் குறை சொல்வதற்கு முன்னால் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பவுடர் என்பது பிசினையும் நிறமியையும் சேர்த்து உருக்கி அரைத்த காய்ந்த தூள், தின்னரே கிடையாது. ஸ்பிரே கன்னின் முனையில் 60,000 முதல் 1,00,000 வோல்ட் வரை கொடுத்து அந்தத் தூளுக்கு மின்னேற்றம் ஏற்றுகிறார்கள். பொருளை எர்த் செய்து தொங்கவிட்டிருப்பதால் தூள் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, பின்பக்கம்கூட ஓரளவு வளைந்து போய் ஒட்டும். அப்புறம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்தால் தூள் உருகிப் பரவி, வேதிவினை நடந்து கெட்டிப்படுகிறது. ஒரே கோட்டில் 60 முதல் 80 மைக்ரான் கனம் கிடைக்கும். வழிசல் இருக்காது, பிரஷ் கோடு இருக்காது, ஆறியதும் எடுத்து மாட்டிவிடலாம். கல் தெறிப்புக்கும் உரசலுக்கும் சாதாரண எனாமலைவிட எவ்வளவோ மேல். ஆடி மாதம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிறபோது வெட்டவெளியில் கன் பிடித்து பெயிண்ட் அடிக்கிற கொடுமையை அனுபவித்தவர்களுக்கு, மூடிய பூத்தும் ஓவனும் எவ்வளவு பெரிய சுகம் என்று தெரியும். அம்மியையே பறக்கவைக்கும் காற்று, ஈரமான பெயிண்ட் மேல் புழுதியை மட்டும் விட்டுவிடுமா.

ஓவன் சூட்டில் சேஸ் கோணிக்கொள்ளும், இரும்பு பலம் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அதை நம்ப வேண்டாம். மைல்டு ஸ்டீலுக்கு 200 டிகிரி ஒரு சூடே இல்லை. கோணல் வருகிற பயம் 450 டிகிரி துத்தநாகக் குழம்பில் முக்குகிற ஹாட் டிப் கால்வனைசிங்கில்தான், அதுவும் மெல்லிய தகடாக இருந்தால்.

ஓவன் அளவும் ஒரு விஷயம். கேட்டு, கிரில், பேனல் போர்டு, மோட்டார் பாடி செய்கிற யூனிட்டுகளில் பத்துப் பதினோரு அடி சேஸ் நேராக உள்ளே போகாது. முன்கூட்டியே டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்துவிடுங்கள். எங்கள் மச்சான் ஓவனில் போகும். அதனால்தான் பிரச்சினையே, போகாவிட்டால் பேச்சே எழுந்திருக்காது.

இனி என் தயக்கங்கள். பெரியது மூலைகளும் இடுக்குகளும். மின்னேற்றம் பெற்ற தூள் பக்கத்தில் கிடைக்கிற விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும், உள்மூலைக்குப் போகாது. ஃபாரடே கூண்டு என்று இதற்குப் பெயர். சி சேனலின் உள்மடிப்பு, கிராஸ் மெம்பர் வந்து சேர்கிற முக்கு, ஸ்பிரிங் ஷேக்கிள் பிராக்கெட்டின் உட்புறம், இங்கெல்லாம் தூள் மெல்லிசாகத்தான் விழும். கை தேர்ந்த ஆள் வோல்டேஜைக் குறைத்து, காற்றையும் குறைத்து, பொறுமையாக உள்ளே ஊதி ஓரளவு சமாளிப்பார். மணிக்கு இத்தனை பீஸ் என்று ஓடுகிற யூனிட்டில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. நாலு பக்கமும் மூடிய பாக்ஸ் செக்ஷன் உள்பக்கம் என்றால் சுத்தமாகக் கிடையாது. சேஸ் துருப்பிடிக்கத் தொடங்குவதோ சரியாக இந்த இடங்களில்தான்! வெளியே வழவழவென்று தெரிகிற பக்கவாட்டுத் தகடு எந்தக் காலத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது?

புது வண்டிக்குக் கம்பெனியில் சேஸை அப்படியே தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி சிஇடி கோட்டிங் கொடுக்கிறார்களே, அது திரவம் என்பதால் பாக்ஸுக்குள்ளும் புகுந்துவிடும். கனம் 20, 30 மைக்ரான்தான், ஆனாலும் எல்லா இடத்திலும் இருக்கும். உள்ளே பிடிக்காத 80 மைக்ரானைவிட எல்லா இடத்திலும் இருக்கிற 25 மைக்ரான் சேஸுக்கு நல்லது என்பது என் கணக்கு. அந்தத் தொட்டி நம் கைக்கு எட்டாத சமாச்சாரம், அதனால் விட்டுவிடுவோம்.

அடுத்தது ஆசிட். பவுடர் யூனிட்காரர்கள் பெருமையாகச் சொல்கிற "செவன் டேங்க்" என்பது எண்ணெய் எடுப்பது, கழுவுவது, ஆசிட்டில் துரு எடுப்பது, மறுபடி கழுவுவது, பாஸ்பேட் ஏற்றுவது என்று வரிசையாகப் போகும். புதுத் தகட்டில் செய்த பொருளுக்கு அருமையான முறை. ரிவெட் அடித்த பழைய சேஸுக்கு அது ஆகாது என்றே நினைக்கிறேன். இரண்டு தகட்டுக்கு நடுவில் புகுந்த ஆசிட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுக்கவே முடியாது. மேலே அழகாக பவுடர் உட்கார்ந்திருக்கும், ஆறு மாசம் கழித்து ரிவெட் தலையைச் சுற்றி காபிக் கலரில் ஒழுகத் தொடங்கும். இதில் நம் ஊர்த் தண்ணீர் வேறு. கடைசியாகக் கழுவுகிற தண்ணீர் உப்பு இல்லாததாக இருக்க வேண்டும். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணியில் கழுவிவிட்டு அப்படியே ஓவனுக்குள் தள்ளினால், அந்த உப்பு கோட்டிங்குக்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுத்து பின்னால் கொப்புளமாகக் கிளம்பும். உங்கள் யூனிட்டில் கடைசிக் கழுவலுக்கு என்ன தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள். டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) என்று உடனே பதில் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர், "தண்ணிதானுங்க, வேறென்ன" என்கிறவரிடம் கேட்டை மட்டும் கொடுங்கள்.

ஆகவே எந்தக் கட்சியாக இருந்தாலும் பழைய சேஸுக்கு பிளாஸ்டிங்தான், அதாவது கரடுமுரடான துகளைக் காற்றழுத்தத்தில் அடித்துத் துருவை எடுப்பது. இதில் மச்சானும் மேஸ்திரியும் ஒரே குரல். எஸ்ஏ இரண்டரை என்று ஒரு தரம் சொல்வார்கள், அதாவது துரு, பழைய பெயிண்ட், மில் ஸ்கேல் எல்லாம் போய் இரும்பு கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரிய வேண்டும், நிழல் மாதிரி லேசான கறை மட்டும் இருக்கலாம். ஆற்று மணலை வைத்து அடிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். அந்தத் தூசி அடிக்கிறவர் நுரையீரலை சிலிகோசிஸ் வந்து அழித்துவிடும், காப்பர் ஸ்லாக்கோ ஸ்டீல் கிரிட்டோ வைத்து அடிக்கிற இடங்கள் இருக்கின்றன. அடித்து முடித்த இரும்பைக் கையால் தொடக் கூடாது, அன்றைக்கே பிரைமர் ஏறிவிட வேண்டும், ராத்திரி பனியில் விட்டால் காலையில் மஞ்சள் பூத்து நிற்கும். சேனலுக்குள்ளே தங்கியிருக்கிற கிரிட்டை கம்ப்ரசர் வைத்து ஊதி, சேஸைக் கவிழ்த்து, தட்டி, மறுபடி ஊதி எடுக்க வேண்டும். சலித்துப்போகிற வேலைதான், வேறு வழியில்லை.

பிளாஸ்டிங்குக்கு அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையை யாரும் சொல்ல மாட்டார்கள்: சேஸ் நம்பரை மூடுங்கள். நல்ல கனமான ரப்பரோ நாலைந்து சுற்று டேப்போ வைத்து. பழைய வண்டிகளில் அந்த எண்களின் ஆழம் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். பதினைந்து வருசம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது ஆர்டிஓ ஆபீஸில் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். காகிதத்தை வைத்துத் தேய்த்தால் எண் தெளிவாக விழ வேண்டும். கிரிட் அடித்து மழுங்கிய எண்ணோ, 80 மைக்ரான் பவுடர் போய் நிரப்பிய எண்ணோ விழாது, அப்புறம் நம் வண்டியை நம்முடையதுதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியதுதான். அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு பிரைமர், மேலே கிரீஸ், அவ்வளவு போதும்.

பவுடர் வேகிற விஷயத்துக்கு வருகிறேன். 200 டிகிரி, பத்து நிமிடம் என்று டப்பாவில் போட்டிருப்பது இரும்பு அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு பத்து நிமிடம். ஓவன் காற்றின் சூடு அல்ல. ஒரு எம்எம் தகடு சட்டென்று சூடாகிவிடும். இரண்டு தகடு சேர்ந்து ரிவெட் அடித்த இடம், அதன்மேல் கனமான பிராக்கெட் என்றால் அது சூடாக நேரம் பிடிக்கும். பேனல் போர்டுக்கு வைத்த டைமரிலேயே சேஸையும் எடுத்தால் மெல்லிய இடம் வெந்திருக்கும், கனமான இடம் வேகாமல் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலப் பளபளக்கும். தின்னரில் நனைத்த துணியை வைத்து நாலு தேய் தேய்த்துப் பாருங்கள், துணியில் கலர் நன்றாக இறங்கினால் வேகவில்லை என்று அர்த்தம். மச்சானிடம் இதைச் சொன்னபோது "நாங்க மெட்டல் டெம்பரேச்சர் கன் வெச்சுப் பாத்துத்தானுங் மாப்ள எடுப்போம்" என்றார். அவர் எடுப்பார், நம்புகிறேன். எல்லா யூனிட்டும் எடுக்குமா?

பழைய சேஸில் இன்னொரு வம்பு, இடுக்கில் ஊறிப்போன கியர் ஆயிலும் கிரீஸும் ஓவன் சூட்டில் கசிந்து புகைந்து பவுடருக்குள்ளே குமிழ் விடும். முதலில் வெறும் சேஸை ஒரு தடவை சுட்டு எண்ணெயை வெளியே கொண்டுவந்துவிட்டு அப்புறம் பவுடர் அடிக்க வேண்டும். பள்ளம் அடைக்க பட்டி வைத்திருந்தால் அதுவும் அந்தச் சூட்டைத் தாங்காது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். நான் பெயிண்டுக்குப் போனது இன்னொரு காரணத்துக்காக. பவுடர் உடைகிற வரைக்கும் ராஜா, உடைந்த பிறகு யாருக்கும் உதவாது.

ஒரு கல் தெறித்து, அல்லது ஜாக்கி பிடித்து, பவுடரில் ஒரு இடத்தில் இரும்பு வரைக்கும் பிளந்துவிட்டது என்று வையுங்கள். தண்ணீர் அந்தப் பிளவு வழியாகப் போய் கோட்டிங்குக்கு அடியில் பரவும். அடியில் பிரைமர் இல்லாமல் நேராக இரும்பில் அடித்த ஒற்றைக் கோட் பவுடராக இருந்தால் துரு உள்ளேயே ஊர்ந்துகொண்டு போகும், மேலே கறுப்பு அப்படியே பளபளவென்று இருக்கும். ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து நெம்பினால் வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வரும். அதுவரை நமக்குத் தெரியாது. பெயிண்டில் துரு வந்தால் அந்த இடத்திலேயே பொட்டுப் பொட்டாகக் கிளம்பிக் காட்டிக்கொடுத்துவிடும், தேய்த்துவிட்டு ஒரு கை அடித்தால் தீர்ந்தது.

பவுடரை அப்படித் தொட்டுச் சரிசெய்ய முடியாது. வண்டியை மறுபடி பிரித்து ஓவனில் வைக்கவா முடியும்? அந்த இடத்தைச் சுரண்டி பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். அப்படியென்றால் எப்படியும் ஒரு நாள் பெயிண்டுக்கு வரத்தான் போகிறோம். வெல்டிங் வைக்க வேண்டி வந்தாலும் இதே கதை. தோட்டத்து ஜீப்பில் வெல்டிங் வைக்காத வருசம் உண்டா? ஹூக் ஒடியும், பிராக்கெட் விரியும், புதுசாக ஒன்றை மாட்ட மனசு வரும். வெல்டு வைக்கிற இடத்தைச் சுற்றி பவுடரை கிரைண்டர் வைத்து எடுக்க வேண்டும், எடுத்தாலும் சூடு பட்ட ஓரம் கருகிப் பிடிப்பு விட்டுவிடும்.

கோட்டிங் கனமாக இருப்பதிலும் ஒரு சிக்கல். ஸ்பிரிங் பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ், என்ஜின் மவுண்ட் உட்கார்கிற முகங்களில் பவுடர் இருந்தால், போல்ட்டை முறுக்கி வைத்த பிறகு நடுவில் இருக்கிற படலம் நசுங்கும், போல்ட் இறுக்கம் தளரும். அதனால் அந்த முகங்களையும் மரை போட்ட ஓட்டைகளையும் சூடு தாங்கும் டேப், சிலிகான் அடைப்பான் வைத்து மூடித்தான் கொடுக்க வேண்டும். எர்த் ஸ்ட்ராப் மாட்டுகிற இடமும் அப்படியே. பவுடர் நல்ல இன்சுலேட்டர், மூடாமல் விட்டால் செல்ஃப் மோட்டார் முக்கும், லைட் மங்கும், நீங்கள் பேட்டரி மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

சங்ககிரி மேஸ்திரி இத்தனையும் பேசவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான் (எஃப்சி என்பது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று): "லாரிக்கு எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எஃப்சி, அதுக்கு மேல வருசா வருசம். ஒவ்வொரு எஃப்சிக்கும் கீழ படுத்து சேஸ் பூரா ஒரு பார்வை பாத்து அடிக்கிறோமுங் தம்பி. அடிக்கிற பெயிண்ட்டைவிட அந்தப் பார்வைதான் வண்டியக் காப்பாத்துது. எங்க விரிசல் இருக்கு, எந்த ரிவெட் ஆடுதுன்னு அப்பத்தான் தெரியும்." நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் லாரியும் போர்வெல் ரிக்கும் இத்தனை இருந்தும் யாரும் சேஸை பவுடருக்குக் கொடுக்காதது கஞ்சத்தனத்தால் அல்ல. கோழி எரு ஏற்றுகிற வண்டி, திருப்பூர் சாயப்பட்டறைக்கு உப்பு ஏற்றுகிற வண்டி, இவையெல்லாம் கோட்டிங்கை எப்படியும் தின்னத்தான் போகின்றன, தின்ற இடத்தை அங்கேயே மூடுகிற வழிதான் அவர்களுக்குத் தேவை. எஃப்சிக்காக சேறு, கிரீஸ் எல்லாவற்றின் மேலும் சேர்த்துக் கறுப்பு அடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேசினால் மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிடும்.

பெயிண்ட் என்று சொன்னால் ரெட் ஆக்சைடும் மேலே எனாமல் கறுப்பும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஜோடி வேலி கம்பிக்குப் போதும். நல்ல பவுடரையும் அந்த ஜோடியையும் பக்கத்தில் வைத்தால் பவுடர்தான் ஜெயிக்கும், மச்சான் தன் பேச்சில் எப்போதும் இந்த எனாமலைத்தான் எதிராளியாகக் கொண்டுவந்து நிறுத்துவார். சரியான எதிராளி இரண்டு டப்பா எபாக்சி பிரைமர், அதாவது பெயிண்ட் ஒரு டப்பாவிலும் அதைக் கெட்டிப்படுத்தும் ஹார்டனர் இன்னொரு டப்பாவிலும் வருவது, அதன்மேல் அதே மாதிரி இரண்டு டப்பா பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட். பிளாஸ்ட் அடித்த இரும்பில் எபாக்சி பிடிக்கிற பிடி சாதாரணப் பிடி அல்ல. ஹார்டனர் கலந்து, டப்பாவில் சொல்லியிருக்கிற நேரம் அப்படியே வைத்திருந்து, அப்புறம்தான் அடிக்க வேண்டும். கன்னைத் தூக்குவதற்கு முன்னால் வெல்டு ஓரம், ரிவெட் தலை, தகட்டு விளிம்பு, உள்மூலை எல்லாவற்றையும் பிரஷ்ஷால் ஒரு தடவை தேய்த்துக் கொடுங்கள். பவுடர் போக மறுக்கிற இடங்களுக்குப் பெயிண்ட் பிரஷ் போகும், எனக்கு இந்தச் சோலியில் ரொம்பப் பிடித்த வேலையும் அதுதான். எபாக்சியை அப்படியே வெயிலில் விட்டால் மேலே சுண்ணாம்பு பூத்துவிடும், அதனால் மேலே பியூ வேண்டும். ஜீப்பில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சேஸ் ஓரத்தில் கால் தளத்துக்குக் கீழே இருக்கிறது, அங்கே பிரேக் ஆயில் ஒழுகினால் எனாமல் அன்றைக்கே சுருண்டுவிடும், நன்றாகக் காய்ந்த பியூ துடைக்கிற வரைக்காவது தாக்குப்பிடிக்கும்.

பியூ ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிற வழக்கத்தை விடுங்கள், அது தூசிக்குக்கூடப் போதாது. காற்றைக் குழாய் வழியாக வெளியிலிருந்து கொண்டுவருகிற மாஸ்க் இருக்கிற பூத்தில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். எபாக்சியை வீட்டில் அடித்துக்கொண்டு பியூவுக்கு மட்டும் பூத்துக்கு அனுப்புகிறவர்களும் உண்டு, நானும் அப்படித்தான் செய்யப் போகிறேன்.

நேரம் காலம் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஈரோட்டில் மத்தியானம் அடித்தால் தின்னர் கன்னிலிருந்து இரும்புக்குப் போகிற வழியிலேயே ஆவியாகி, சொரசொரவென்று காய்ந்த தூளாக விழும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட சாயங்காலம் அடித்தால் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். இரும்பின் சூடு பனி இறங்கும் நிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் கம்பெனிகளின் கணக்கு. ஆடிக் காற்றைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்துக்குத் தை, மாசிதான், காலையில் வெயில் ஏறியதும் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

அந்த இரட்டைத் தகட்டு இடுக்குக்குப் பவுடராலும் முடியாது, பெயிண்டாலும் முடியாது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முடிந்தால் அந்தப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, துருவை எடுத்து, சுற்றிலும் முழு வெல்டு வைத்து மூடுவதுதான் சரி, நான் அதைத்தான் செய்கிறேன். எடுக்க முடியாத இடுக்குகளுக்குத் துரு மாற்றி திரவம் கொஞ்சம் உதவும். அதில் டானிக் அமிலம் இருக்கிற வகை துருவைக் கறுப்பாக மாற்றும், கடுக்காய்ச் சாறு பட்டு இரும்பு கருக்கிறதே, அதே சங்கதிதான். பெயிண்ட் எல்லாம் காய்ந்த பிறகு நீளமான குழாய் முனை வைத்து பாக்ஸுக்குள்ளே கேவிட்டி வாக்ஸ் அடிக்கலாம். அது உறையாமல் ஊர்ந்து இடுக்கில் புகும், நாலைந்து வருசத்துக்கு ஒருக்கா மறுபடி அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் முடித்ததும் கீழே டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊதுகிறார்களே, அதுவும் துருவைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் ரப்பர் புஷ்ஷும் பிரேக் ஹோஸும் ஊறிக் கெடும், புழுதி அப்பும், அப்புறம் அந்த இடத்தில் பெயிண்ட் நிற்காது. நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிங் இரண்டுக்கும் பொது. அது போக எபாக்சி, பியூ, தின்னர், கூலி எல்லாம் சேர்ந்தால் பவுடரைவிடப் பெயிண்ட் மலிவு என்று சொல்ல முடியாது, சில இடத்தில் கூடவே வரும். மலிவு என்று நினைத்து யாரும் என் கட்சிக்கு வர வேண்டாம்.

பவுடர் சரியாகப் பொருந்துகிற சேஸும் இருக்கிறது. புதுக் குழாயில் கட்டி, ஓட்டை எல்லாம் மூடி, முழுக்க வெல்டு வைத்த பிரேம் என்றால், பிளாஸ்டிங், துத்தநாகம் கலந்த எபாக்சி பவுடர் பிரைமர், அது பாதி வெந்ததும் மேலே பாலியஸ்டர் பவுடர், இந்த இரண்டு கோட் முறையில் கொடுத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எபாக்சி பவுடரை மட்டும் அடித்துவிட்டு வந்தால் அதுவும் வெயிலில் வெளுக்கும், மேலே பாலியஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்ட் அடித்த சொரசொரப்பே 50 முதல் 75 மைக்ரான் உயரம் இருக்கும், 60 மைக்ரான் ஒற்றைக் கோட் அடித்தால் அந்த முள்முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதையும் ஞாபகம் வையுங்கள், ஒரே மழையில் ஊசிக்குத்து ஊசிக்குத்தாகத் துரு வரும். ரேஸ் வண்டி பிரேமுக்கு மட்டும் யோசிப்பேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிற மாதிரி வண்டி என்றால் வெல்டில் விரிசல் வந்தால் உடனே தெரிய வேண்டும், கனமான பவுடர் விரிசலின் மேல் இழுபட்டு அதை மறைத்துவிடக் கூடும், மெல்லிய வெளிர்நிறப் பெயிண்டில் கோடு விழுந்தால் கண்ணில் படும்.

மச்சானை வெறுங்கையோடு அனுப்பவில்லை. முன் பம்பர், பின் பம்பர், சீட் பிரேம், ஜெர்ரி கேன் ஸ்டாண்டு, ஹூட் கம்பிகள், பேட்டரி டிரே, வீல் ரிம் எல்லாம் அவருக்குத்தான். கழற்றி எடுக்க முடிகிறது, இடுக்கு இல்லை, கெட்டால் அதை மட்டும் திரும்பக் கொடுக்கலாம். ஸ்பிரிங் பட்டைகளைக் கேட்டார், கொடுக்கவில்லை. 200 டிகிரி சூடு அதற்கு ஒன்றும் செய்யாது, ஆனால் டேங்கில் ஆசிட்டில் முக்கினால் ஹைட்ரஜன் இரும்புக்குள் ஏறி, டெம்பர் ஏற்றிய எஃகு சட்டென்று முறிகிற ஆபத்து உண்டு. அதோடு பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் உரசுகிற இடத்தில் எந்தக் கோட்டிங்கும் நிற்காது.

ரிம்முக்கு மட்டும் ஒரு கண்டிப்பு. வீல் நட் உட்கார்கிற கூம்புப் பள்ளம், டிரம்மில் ஒட்டுகிற பின்முகம், இந்த இரண்டிலும் பவுடர் ஒரு துளி இருக்கக் கூடாது, மூடித்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அங்கே படலம் இருந்தால் ஓட ஓட நசுங்கி நட் தளரும். நீங்களும் பவுடர் அடித்த ரிம் வாங்கி மாட்டினால் மாட்டுவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தை விரலை விட்டுப் பாருங்கள், பவுடர் இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் நட் எல்லாவற்றையும் இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.